ரீலோட் கேட்காத லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி நம் வீட்டுப் பழைய பெட்டிகள் பலவற்றில் இல்லை. ஆகவே பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்து வாசகர் கேள்விகள் இம்முறை ஒரே திசையில் வந்திருக்கின்றன: லினக்ஸ் போடலாமா, போட்டால் எதைப் போடுவது?

லினக்ஸ் போடு என்கிறார்கள். கேட்டால் ஒருவர் உபுண்டு என்கிறார், ஒருவர் மின்ட், இன்னொருவர் ஃபெடோரா. இதில் எது அசல் லினக்ஸ்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

தேயிலைக் கொழுந்து ஒன்றுதான், மாஸ்டர், அரைக்கும் ஸ்டோர்தான் வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய 'கர்னல்' என்னும் அடிப்படைக் கரு எல்லோருக்கும் பொது. அதோடு எதைச் சேர்ப்பது, எந்தப் பதிப்பில் நிறுத்துவது, எப்படிப் பொதி கட்டுவது, யார் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புவது, அனுப்பிய பிறகு எத்தனை வருடம் பழுது பார்ப்பது என்பதையெல்லாம் ஒவ்வொரு ஸ்டோரும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கிறது. ஒரே மலைக் கொழுந்து ஓரிடத்தில் பீ.ஓ.பி. ஆகிறது, இன்னோரிடத்தில் டஸ்ட் ஆகிறது. இரண்டையும் தேத்தண்ணி என்றுதான் குடிக்கிறோம்.

டெஸ்க்டொப் அழகாக இருப்பதைப் பார்த்துத் தெரிவு செய்தால் என்ன?
— பசறை வாசகி

வால்பேப்பரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். டெஸ்க்டொப்பையே மாற்ற ஒரு மணித்தியாலம். பொதி முறையை மாற்றுவதென்றால் கம்பியூட்டரை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். ஆகவே லேசில் மாற்ற முடியாததைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

குடும்பங்கள் அதிகமில்லை. டெபியன், அதிலிருந்து பிறந்த உபுண்டு, உபுண்டுவிலிருந்து பிறந்த மின்ட் ஆகிய மூன்றும் 'டெப்' பொதிக் குடும்பம். இங்கே பொதிகளைக் கொண்டுவரும் ஏவலாள் ஏப்டி. ரெட் ஹேட், ஃபெடோரா, சூசே ஆகியவை 'ஆர்பிஎம்' குடும்பம். ஃபெடோராவில் டிஎன்எஃப், சூசேயில் ஸிப்பர். ஆர்ச் தனிவழி, அதன் கருவி பக்மேன். பெயர்ப்பலகையில் நூற்றுக்கணக்கான லினக்ஸ் இருந்தாலும் சமையலறைக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்று அடுப்புத்தான்.

பொதி என்பது சிப் ஃபைல்தானே? அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்?
— ஏ.எல். மாணவி, ஹாலிஎல

பாதி சரி, தங்கச்சி. ஒரு டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே சுருக்கப்பட்ட இரண்டு கட்டு இருக்கும். ஒன்றில் மென்பொருள். மற்றதில் அதைப் பற்றிய விபரம்: பெயர், பதிப்பு, 'நான் ஓட வேண்டுமானால் இன்னின்ன பொதிகள் முதலில் வேண்டும்' என்ற பட்டியல். அலட்டல் முழுக்க அந்தப் பட்டியலால்தான்.

1990-களில் இந்தப் பட்டியலை மனிதர்தான் தீர்த்து வைக்க வேண்டியிருந்தது. அ-வைப் போடப் போனால் ஆ வேண்டும் என்னும். ஆ-வைத் தேடிப் பிடித்தால் அது இ-யைக் கேட்கும். ஃ வரைக்கும் போய்ச் சேர்ந்தால் அது மறுபடி அ-வின் வேறொரு பதிப்பைக் கேட்கும். 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்த ஏப்டி அந்த அலைச்சலைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், தேவையான மற்றதையெல்லாம் களஞ்சியத்திலிருந்து தானே கொண்டுவரும். ஆர்பிஎம் பக்கத்தில் அதே வேலையை யம் செய்தது. 2015-இல் ஃபெடோரா 22 வந்தபோது யம் போய் டிஎன்எஃப் வந்தது.

இன்று ஏப்டி பெரிதா, டிஎன்எஃப் பெரிதா என்று சண்டை பிடிப்பவர்களைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். இரண்டும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன.

பட்டியலே பார்க்காத லினக்ஸ் ஏதும் உண்டா?
— அதே மாணவியின் அண்ணன்

ஸ்லாக்வேர். 1993 ஜூலையில் பிறந்தது, டெபியனுக்கு ஒரு மாதம் மூத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பொதிக்கு எது வேண்டும் என்று அது பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்க வேண்டும். 14.2 வந்தது 2016-இல், அடுத்த 15.0 வந்தது 2022-இல். அவசரக்காரருக்கு ஆகாது. தங்கச்சியைக் கேள்வி கேட்கவிட்டு நீங்கள் பின்னால் நிற்கும் பொறுமையைப் பார்த்தால் உங்களுக்குச் சரிவரலாம்.

எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. மேல் மலைக்கு ஏறினால்தான் போனில் இரண்டு கோடு வரும். டிட்வா புயல் நேரம் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் லினக்ஸில் எப்படி மென்பொருள் ஏற்றுவது?
— தோட்ட இளைஞர், மடுல்சீமை

இம்முறை வந்ததிலேயே நல்ல கேள்வி இது, தம்பி. டவர் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள்தான் லினக்ஸ் ஒப்பீடுகளை எழுதுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

முதல் வழி: டெபியனின் முதல் டிவிடிப் படிமம். சின்ன 'நெட்இன்ஸ்ட்' படிமத்தை எடுத்தால் மிச்சமெல்லாம் இணையத்திலிருந்து வர வேண்டும். டிவிடிப் படிமத்தில் டெஸ்க்டொப், லிப்ரே ஒஃபிஸ், பிரௌசர் எல்லாம் உள்ளேயே இருக்கும். பதுளை டவுனுக்கு வரும் நாளில் ஒரு தடவை டவுன்லோட் செய்து பென் டிரைவில் எழுதிக்கொண்டால், லயக் காம்பிராவில் ஒரு துளி டேட்டா இல்லாமல் முழுக் கம்பியூட்டரையும் அமைத்துவிடலாம்.

இரண்டாவது வழி: ஏப்டி-ஒஃப்லைன். இந்திய டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சரஃப் எழுதியது. இதற்கு மூன்று படி. இணையமில்லாத உங்கள் கம்பியூட்டரில் 'எனக்கு இன்னின்னது வேண்டும்' என்று ஒரு சிறிய கோப்பை உருவாக்குகிறீர்கள். அதைப் பென் டிரைவில் கொண்டுபோய் டவுனில் உள்ள ஒரு கம்பியூட்டரில் கொடுத்தால், தேவையான எல்லாப் பொதிகளையும் இறக்கி ஒரே கட்டாக்கித் தரும். அந்தக் கம்பியூட்டர் விண்டோஸாக இருந்தாலும் பாதகமில்லை, பைதன் இருந்தால் சரி. திரும்பி வந்து கட்டைக் கொடுத்தால் ஏற்றிவிடும். பாதுகாப்பு அப்டேட்டையும் இப்படியே கொண்டுவரலாம்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏப்டி-ஒஃப்லைனும் ஒரு பொதிதான். மலை இறங்கும் முதல் பயணத்திலேயே அதையும் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பொதி கொண்டுவரும் பொதியைக் கொண்டுவர இன்னொரு பயணம் போக வேண்டும், பஸ் காசு உங்களுடையது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் 20 கம்பியூட்டர். இருப்பது சிம் போட்ட ஒரே ரவுட்டர். அப்டேட் என்றாலே அதிபர் பயப்படுகிறார்.
— ஐ.சி.டி. ஆசிரியர், லுணுகலை

அதிபர் பயப்படுவதில் நியாயமிருக்கிறது. ஓர் அப்டேட் 300 எம்பி என்று வைத்துக்கொண்டால் 20 பெட்டிக்கும் 6 ஜிபி. ஒரே பொதியை 20 தடவை வாங்குவதைக் கல்விச் செலவு என்று கணக்கில் எழுத முடியாது.

ஒரு பெட்டியில் ஏப்டி-கேஷர்-என்ஜி போடுங்கள். மற்ற 19-ஐயும் அதன் 3142-ஆம் போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பெட்டி கேட்கும்போது பொதி வெளியிலிருந்து வரும், ஒரு பிரதி அங்கேயே தங்கும். அடுத்த பெட்டிகளுக்கு அந்தப் பிரதியே போகும். மொத்தச் செலவு ஏறத்தாழ அதே 300 எம்பி.

இன்னொரு நுணுக்கம். 'ஏப்டி' என்று மட்டும் கட்டளை கொடுத்தால், ஏற்றி முடித்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும். பழைய 'ஏப்டி-கெட்' அழிக்காமல் வைத்திருக்கும். அடுத்த பாடசாலைக்குப் பென் டிரைவில் கொடுத்துதவும் எண்ணமிருந்தால் பழையதையே பாவியுங்கள்.

உபுண்டு போட்டேன். ஃபயர்ஃபொக்ஸ் திறக்கவே நேரமெடுக்கிறது. கேட்டால் 'ஸ்னாப்' என்கிறார்கள். அது என்ன?
— கொமினிகேஷன் கடைக்காரர், வெலிமடை

உபுண்டு 22.04-இலிருந்து ஃபயர்ஃபொக்ஸ் டெப் பொதியாக வருவதில்லை, ஸ்னாப் ஆக வருகிறது. ஸ்னாப், ஃப்ளாட்பக், அப்இமேஜ் மூன்றும் ஒரே எரிச்சலில் பிறந்தவை. ஒரு மென்பொருளை எழுதியவர் டெபியனுக்கொன்று, ஃபெடோராவுக்கொன்று, சூசேக்கொன்று என்று தனித்தனியாக ஏன் பொதி கட்ட வேண்டும்? தேவையானதையெல்லாம் கூடவே வைத்துக் கட்டினால் எல்லா லினக்ஸிலும் ஓடுமே என்பதுதான் யோசனை.

நன்மை உண்டு. பழைய சிஸ்டத்தில் புதிய பதிப்பு ஓடும். மென்பொருள் மற்றக் கோப்புகளில் கைவைக்காமல் தடுப்புக்குள் இருக்கும். ஆனால் நம் ஊரில் பில் வேறு மாதிரி வரும். ஸ்னாப் தன் அடித்தளப் பொதிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை அப்டேட் இருக்கிறதா என்று தானே பார்க்கிறது. பழைய பதிப்பையும் டிஸ்கில் வைத்திருக்கிறது. ஃப்ளாட்பக்கில் முதல் மென்பொருளோடு நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அடுத்தவை அதே அடித்தளத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் செலவு குறையும். அப்இமேஜ் ஒரே கோப்பு, பென் டிரைவில் கொண்டுபோய், இயக்க அனுமதி கொடுத்து, இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். ஆனால் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்.

உங்களுக்கு இரண்டு வழி. மின்ட் 2020-இல் வந்த அதன் 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது, ஃபயர்ஃபொக்ஸை டெப் ஆகவே தருகிறது. உபுண்டுவை விட மனமில்லையென்றால், மொஸில்லாவே 2024-இலிருந்து ஃபயர்ஃபொக்ஸுக்குத் தனி ஏப்டி களஞ்சியம் நடத்துகிறது. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகன் கம்பியூட்டரைத் திறந்தாலே டேட்டா முடிகிறது. அவன் ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுகிறான். நம்பலாமா?
— தாய், தெமோதரை

இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம், அக்கா. அப்டேட் வேலைகள் பின்னணியில் தானாக ஓடும். செட்டிங்ஸில் வைஃபை பக்கத்துக்குப் போய், அந்த இணைப்பு 'மீட்டர்ட்', அதாவது அளவு வைத்தது, என்று குறித்துவிடுங்கள். பெரிய டவுன்லோட்கள் அடங்கும். ஸ்னாப்புக்கும் அளவு வைத்த இணைப்பில் காத்திரு என்று சொல்லும் கட்டளை உண்டு. பிறகு, இரவு டேட்டா மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் அவனையே அப்டேட் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவன் எப்படியும் விழித்துத்தான் இருப்பான்.

பழைய பெட்டி, 1 ஜிபி ரேம். 'இலகுவான' லினக்ஸ் ஒன்று சொல்லுங்கள்.
— நமுனுகுல வாசகர்

முதலில் சிபியு 64-பிட்டா என்று பாருங்கள். 32-பிட் விண்டோஸ் ஓடியதால் பெட்டியும் 32-பிட் என்று நினைப்பவர்கள் பலர். கோர் 2 டுவோ போன்றவை 64-பிட். உண்மையிலேயே 32-பிட் என்றால் கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன. உபுண்டு 2017-லேயே 32-பிட் டெஸ்க்டொப் படிமத்தை நிறுத்தியது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பீசிக்கான இன்ஸ்டோலர் இல்லை. டெபியன் 12, அல்லது அதன் வழிவந்த அன்டிஎக்ஸ், உங்களுக்குப் பொருந்தும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு இலகுவான லினக்ஸ் போட்டாலும் யூடியூப் இலகுவாகாது. ரேமைத் தின்பது பிரௌசர். ஊர் முழுக்க லினக்ஸ் தேடும் நேரத்தில் பழைய ரேம் துண்டு ஒன்று தேடிப் போடுங்கள், அதுதான் பெரிய அப்டேட்.

ஹொஸ்டலில் எல்லோரும் ஆர்ச் போடுகிறார்கள். நான் மின்ட் என்றால் சிரிக்கிறார்கள்.
— ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர், பதுளை

பல்கலைக்கழக வைஃபையில் ஆர்ச் போடுவது வீரம். லீவுக்கு வீடு போய்ச் சொந்த டேட்டாவில் அதை அப்டேட் செய்வதுதான் சோதனை. ஆர்ச்சுக்குப் பதிப்பு எண் கிடையாது, நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு மாதம் விட்டுத் திறந்தால் பெரும் பகுதியை மறுபடி இறக்கச் சொல்லும். இடையில் வந்த மாற்றங்களை வாசிக்காமல் அப்டேட் போட்டால் பூட் ஆகாமலும் போகலாம்.

அதன் பெருமை 'ஏயூஆர்' என்னும் பாவனையாளர் களஞ்சியம். எது கேட்டாலும் அங்கே இருக்கும். எது இருக்கக் கூடாதோ அதுவும் சில வேளை இருக்கும். 2025 ஜூலையில் பிரௌசர் பொதிகள் போலப் பெயர் வைத்து, கம்பியூட்டரைத் தூரத்திலிருந்து கைப்பற்றும் தீநிரலை யாரோ அங்கே ஏற்றியிருந்தார்கள். கண்டுபிடித்து நீக்கினார்கள். யாரும் பொதி போடலாம் என்றால் யாரும் போடுவார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று படிக்க ஆர்ச் நல்ல ஆசான், அதன் விக்கி எந்த லினக்ஸ்காரருக்கும் உதவும். படிப்பதற்கு ஆர்ச் வைத்துக்கொள்ளுங்கள், அசைன்மென்ட் எழுத மின்ட் வைத்துக்கொள்ளுங்கள். சிரித்தவர்கள் ஒப்படைக்கும் நாளுக்கு முதல்நாள் உங்களிடம் வருவார்கள்.

டெபியனில் எல்லாமே பழைய பதிப்பு. ஏன் இப்படித் தூங்குகிறார்கள்?
— அப்புத்தளை வாசகர்

தூங்கவில்லை, சோதிக்கிறார்கள். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்திருக்கிறார். 'எக்ஸ்ஸெட்' என்ற சாதாரண சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். டெபியனின் சோதனைப் பிரிவு, ஃபெடோராவின் சோதனைப் பதிப்பு, ஆர்ச் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிப்பு போய்விட்டிருந்தது. டெபியனின் நிலைப் பதிப்புக்கு மட்டும் அது போகவில்லை. நீங்கள் 'பழசு' என்று சொல்லும் அந்தத் தாமதம்தான் காப்பாற்றியது.

பழைய எண் என்றால் பழைய ஓட்டை என்று அர்த்தமில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுகிறார்கள். இதனால் அப்டேட்டும் சிறிதாகிறது, டேட்டாவும் மிஞ்சுகிறது. டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. அவ்வளவையும் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் வரட்டுமே.

லினக்ஸில் ரங்கநாதன் கீபோர்டில் தமிழ் அடிக்க முடியுமா? பழைய பாமினி வினாத்தாள்களை என்ன செய்வது?
— டைப்செட்டிங் செய்பவர், பதுளை

முடியும். ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போடுங்கள். தமிழ் என்று தேடினால் தமிழ்99-ம் இருக்கும், இலங்கைத் தரமான ரங்கநாதனும் இருக்கும். டெபியனை நிறுவும் திரையையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'கிராஃபிக்கல்' இன்ஸ்டோலைத் தெரிவு செய்தால்தான் தமிழ் காட்டும், எழுத்துமுறைத் திரையில் வராது.

பாமினி ஃபொன்ட் யுனிகோட் அல்ல. ஃபொன்ட் இல்லாத பெட்டியில் திறந்தால் தமிழ் வினாத்தாள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அவசரத்துக்குப் பாமினி ஃபொன்ட் கோப்பை உங்கள் ஃபொன்ட் கோப்புறையில் போட்டால் லிப்ரே ஒஃபிஸில் தெரியும். ஆனால் ஒவ்வொரு தாளையும் தொடும்போதே யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். பாமினியில் இருக்கும் வரை அந்தத் தாளுக்குள் யுனிகோட் தமிழில் அடித்து ஒரு சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

சிங்களப் படிவங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.
— ஹல்துமுல்லை வாசகி

ஃபொன்ட்ஸ்-எல்கேஎல்யூஜி-சிங்களா என்ற பொதியைப் போடுங்கள். எல்கேஎல்யூஜி என்பது இலங்கை லினக்ஸ் பாவனையாளர் குழு. இங்குள்ளவர்கள் செய்த அந்த எழுத்துரு உலகமெங்கும் டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் கிடைக்கிறது. தமிழுக்கு லோஹித், ஃபொன்ட்ஸ்-லோஹித்-தம்ல் (taml) என்ற பெயரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சில எம்பிதான். அரச கருமமொழிக் கொள்கை நடைமுறைக்கு வரும் வேகத்தோடு பார்த்தால் இந்த டவுன்லோட் மின்னல்.

ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே. நாமும் 'நமுனுகுல லினக்ஸ்' என்று ஒன்று செய்தால் என்ன?
— கம்பியூட்டர் கழகச் செயலாளர், பசறை

பெயர் நன்றாக இருக்கிறது, மலையும் உயரம்தான். ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவை அடியாக வைத்து இலங்கையில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலும் அனுபவம் உண்டு. சென்னையில் சீ-டாக் நிறுவனம் 2007-இல் டெபியனை அடியாக வைத்து 'போஸ்' லினக்ஸைக் கொண்டுவந்தது. கேரளம் தன் பாடசாலைகளுக்கென்றே லினக்ஸ் பதிப்பு வைத்திருக்கிறது, அது ஓடுகிறது. காரணம் வால்பேப்பரில் இல்லை. பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, அரச பணம் மூன்றும் அதன் பின்னால் நிற்கின்றன.

லினக்ஸ் ஒன்றைக் கட்ட ஒரு வார இறுதி போதும். கட்டிய பிறகு ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் வருடக்கணக்காகப் பதில் சொல்வதுதான் வேலை. ஃபெடோராவை அடியாக வைத்தால் இன்னும் கஷ்டம். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். அதற்குள் மறுபடி கட்ட வேண்டும். உங்கள் கழகத்தில் இந்த வருடச் செயலாளர் அடுத்த வருடம் கொழும்பில் வேலைக்குப் போயிருப்பார்.

அந்தச் சக்தியை வேறிடத்தில் செலவழியுங்கள். டெபியனிலும் லிப்ரே ஒஃபிஸிலும் தமிழாக்கம் அரைகுறையாக இருக்கும் பக்கங்களை நிரப்புங்கள். உங்கள் ஒரு வரி, டெபியனில் பிறந்த எல்லா லினக்ஸுக்கும் போய்ச் சேரும். வேண்டுமானால் அதைச் செய்யும் குழுவுக்கு நமுனுகுல என்று பெயர் வையுங்கள்.

முன்பு உபுண்டு சீடி தபாலில் இலவசமாக வந்தது ஞாபகமிருக்கிறதா?
— கொஸ்லந்தை வாசகர்

நன்றாக. 'ஷிப்இட்' என்று பெயர். இணையத்தில் விலாசத்தைப் பதிந்தால் போதும், ஒரு சதம் செலவில்லாமல் சீடி வரும். 2005-இலிருந்து 2011 வரை நடந்தது. இணையம் வந்துவிட்டது, இனி எதற்குத் தபால் என்று நிறுத்தினார்கள். 2004-இல் முதல் உபுண்டு ஒரு சீடிக்குள், அதாவது 700 எம்பிக்குள், அடங்கியது. இன்று 24.04 படிமம் 6 ஜிபியை நெருங்குகிறது. தபால் நின்றது, சுமை எட்டு மடங்கானது, இறக்கும் செலவு நம்முடையதானது. முன்னேற்றம் என்றால் யாருக்கு என்று கேட்டுப் பழகுங்கள்.

லினக்ஸ் இலவசம் என்றால் ரெட் ஹேட் எதற்குக் காசு வாங்குகிறது? அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
— ஏ.எல். முடித்தவர், ஊவா பரணகம

நிரலுக்கல்ல, பொறுப்புக்கு வாங்குகிறது. வங்கிக் கம்பியூட்டர் நடுச்சாமத்தில் நின்றால் போன் எடுக்க ஒரு மனிதர் வேண்டுமே. அந்தப் பொறுப்பின் மதிப்பைப் பார்த்துத்தான் ஐபிஎம் 2019-இல் ரெட் ஹேட்டை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

காசில்லாமல் பழக வழியிருக்கிறது. ரெட் ஹேட்டின் இலவச இரட்டையாக இருந்த சென்ட்ஓஎஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பு 2021 முடிவில் நிறுத்தப்பட்டது. அந்த இடத்துக்கு ரொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் வந்தன. அவற்றில் ஒன்றில் டிஎன்எஃப் பழகுங்கள், டெபியனில் ஏப்டி பழகுங்கள். நேர்முகத்தில் எது நல்லது என்று கேட்பவரை விட, பொதி உடைந்தால் எப்படிச் சரிசெய்வாய் என்று கேட்பவர்தான் வேலை தருவார்.

யூடியூப்பில் ஒருவர் ஒரு வரியைக் கொப்பி பண்ணி டெர்மினலில் போடச் சொல்கிறார். போடலாமா?
— எல்ல வாசகர்

முன்பின் தெரியாதவருக்கு வீட்டுச் சாவியையும் ஏடிஎம் பின் நம்பரையும் சேர்த்துக் கொடுப்பீர்களென்றால் தாராளமாகப் போடலாம். களஞ்சியத்தின் பொதிப் பட்டியலில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், யாராவது இடையில் பொதியில் கைவைத்தால் ஏப்டி மறுக்கும். கண்ட இடத்து வரிக்கு அந்தக் காவல் இல்லை.

என் போனிலும் லினக்ஸ்தானாமே?
— தியத்தலாவ வாசகர்

அண்ட்ரொய்ட் என்றால் ஆம், கர்னல் அதுதான். கடனுக்கு ரீலோட் போடும்போதெல்லாம் நீங்கள் ஒரு லினக்ஸ் பாவனையாளர்.

கடைசியில் எதைத்தான் போடுவது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
— பலர்

புதியவருக்கு மின்ட். சிக்னல் இல்லாத இடத்துக்கும் பழைய பெட்டிக்கும் டெபியன். வேலைக்குப் போக நினைப்பவருக்கு ரொக்கி அல்லது அல்மா, கூடவே டெபியன். புதிய கருவிகளோடு விளையாட ஆசையும், மாதக் கடைசியிலும் டேட்டாவும் இருப்பவருக்கு ஃபெடோரா.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி: உங்கள் தோட்டத்தில், உங்கள் பாடசாலையில், பக்கத்து டவுனில் லினக்ஸ் தெரிந்தவர் எதைப் பாவிக்கிறாரோ அதையே போடுங்கள். அவர் பெட்டியில் இறக்கிய பொதி உங்கள் பெட்டிக்கும் பொருந்தும். நடந்துபோய்க் கேட்கலாம், பென் டிரைவில் வாங்கி வரலாம், டேட்டா செலவில்லை.

என் கணவர் வாரத்துக்கொரு லினக்ஸ் மாற்றுகிறார். ஏதாவது வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், ஹாலிஎல

அவரைத் திருத்தும் பொதி 70,000-இலும் இல்லை, அக்கா. சேதத்தைக் குறைக்க வழியுண்டு. ஹோம் கோப்புறையைத் தனிப் பிரிவில் வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளின் படங்கள் தப்பும். வென்டொய் போட்ட ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுங்கள். எத்தனை லினக்ஸையும் அதில் வைத்து, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால், வீட்டு டேட்டா பில்லை அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மறுவாரமே டெபியன் நிலைப் பதிப்பின் அருமையைப் பற்றி உங்களுக்கே வகுப்பெடுப்பார்.